7,816 கிலோமீட்டர், 10 மணி 12 நிமிடம்: தூரம் சொல்லும் பக்கங்கள் மீது ஒரு புகார்

2022 டிசம்பரில் நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் கேட்டார்: "ஹெல்சின்கிலேர்ந்து டோக்கியோ எவ்ளோ நேரம் ஆகும்பா?" பின்லாந்தில் வேலை பார்க்கிறவர். மனைவியோடும் ஏழு மாதக் குழந்தையோடும் ஜப்பானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டிக்கெட்டில் கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் இருந்தன. ஆனால் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்க்கச் சோம்பல்பட்டு என்னிடம் கேட்டுவிட்டார். எனக்கும் அதே சோம்பல். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்கிற பக்கம் ஒன்றைத் திறந்தேன். வந்ததை அப்படியே அனுப்பினேன்: 7,816 கி.மீ., 10 மணி 12 நிமிடம்.

அவர் அதை நம்பி, கையில் வைத்துக்கொள்ளும் பையில் பத்து மணி நேரத்துக்குத்தான் பால் பவுடர் எடுத்துக்கொண்டார். விமானம் பதிமூன்று மணி நேரம் பறந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, பின் இருக்கையில் வந்த ஒரு தாய் தன்னிடமிருந்த டப்பாவிலிருந்து கொடுத்து உதவியிருக்கிறார். போய்ச் சேர்ந்ததும் நண்பர் கேட்ட ஒரே கேள்வி: "நீ சொன்ன அந்தப் பத்து மணி எங்கேர்ந்து வந்துச்சு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இது எந்த ஒரு தளத்தைப் பற்றிய விமர்சனமும் இல்லை. உலகத்தில் எந்த இரண்டு ஊரை எடுத்தாலும் அவற்றுக்கென்று ஒரு பக்கத்தைத் தானாகவே செய்து வைத்திருக்கும் அந்த வகையைப் பற்றியது.

முதல் எண்: தூரம்

முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தூரத்தை இந்தப் பக்கங்கள் சரியாகத்தான் கணக்கிடுகின்றன. ஹெல்சின்கி சுமார் 60 டிகிரி வடக்கு, 25 டிகிரி கிழக்கு. டோக்கியோ சுமார் 35.7 டிகிரி வடக்கு, 139.7 டிகிரி கிழக்கு. பள்ளியில் படித்த சைன், கொசைனை வைத்து நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 7,816 வந்தது.

இது பெருவட்டப் பாதையின் நீளம். ஒரு பூமி உருண்டையை எடுத்து, இரண்டு ஊரிலும் குண்டூசி குத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் நூல் எங்கே படிகிறதோ அதுதான் பெருவட்டப் பாதை. உருண்டையின் மேல் அதைவிடக் குறுகிய வழி கிடையாது. வகுப்பில் சுவரில் தொங்கிய தட்டையான வரைபடத்தில் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது தென்கிழக்காக இறங்கும். ஒரே திசையைப் பிடித்துப் பறக்கும் அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 8,750 கி.மீ. நூல் வழி அதைவிட 900 கி.மீ.க்கு மேல் மிச்சம். ஆனால் அந்த வழியில் போக, டோக்கியோவுக்குக் கிளம்பும் விமானம் முதலில் வடகிழக்கே திரும்ப வேண்டும். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி 67 டிகிரி வரை ஏறி, பிறகுதான் இறங்க வேண்டும். தெற்கே இருக்கிற ஊருக்கு வடக்கே கிளம்பிப் போவது சுவர் வரைபடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லேசில் பிடிபடாது. அதைப் பிடிபட வைத்ததற்காக இந்தப் பக்கங்களுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

ஆக, 7,816 பொய் இல்லை. ஆனால் அந்த நூல் முழுக்க யாருடைய வானத்தில் கிடக்கிறது என்று பாருங்கள். பின்லாந்தின் கிழக்கு எல்லையைத் தாண்டியதிலிருந்து ஆசியாவின் பசிபிக் கரையை நெருங்கும் வரை, பெரும்பகுதி ரஷ்யா. அதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல் இல்லை.

இரண்டாவது எண்: நேரம்

கோளாறு இங்கேதான். 10 மணி 12 நிமிடம் எப்படி வந்தது? இந்த வகைப் பக்கங்கள் பலவற்றில் பின்னால் இருப்பது ஒரே வரிக் கணக்கு. எல்லா விமானமும் மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். தூரத்தை அதால் வகுக்கிறார்கள். ஏறவும் இறங்கவும் என்று 30 நிமிடம் கூட்டுகிறார்கள். 7,816-ஐ 805-ஆல் வகுத்தால் 9 மணி 42 நிமிடம், அரை மணி சேர்த்தால் 10 மணி 12 நிமிடம். அவ்வளவுதான். வேறெதுவும் உள்ளே இல்லை.

இன்றைய நீள்தூர விமானம் 805-ல் பறப்பதில்லை. ஏ350 மாதிரியான விமானம் காற்று இல்லாத வானத்தில் மணிக்கு 900 கி.மீ.யை ஒட்டிப் போகும். வேகத்தைக் குறைத்து வைத்தது தவறு. விமானம் நூல் பிடித்த மாதிரி நேர்வழியில் போகும் என்று நினைத்ததும் தவறு. இந்த இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், மொத்தத்தில் வரும் விடை சாதாரண நாட்களில் உண்மைக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. 2019-ல் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் ஒன்பதரை மணி, திரும்பி வர பத்து மணிக்குச் சற்று மேல். பக்கம் சொன்ன 10 மணி 12 நிமிடம் அதற்கு மோசமில்லை. அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. தப்பான வழியில் போட்ட கணக்குக்கு விடை சரியாக வந்துவிட்டால் வாத்தியார்கூடச் சில சமயம் மார்க் போட்டுவிடுவாரே, அந்த மாதிரி.

காற்று

போகவும் வரவும் ஒரே நேரம் என்று இந்தப் பக்கங்கள் சொல்கின்றன. லண்டன்–நியூயார்க் 5,540 கி.மீ. சொச்சம், வகுத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போனாலும் 7 மணி 23 நிமிடம். நிஜத்தில் நியூயார்க்கிலிருந்து கிழக்கே லண்டன் வருவதற்கு ஆகிற நேரத்தைவிட, மேற்கே போக ஒரு மணியாவது கூடுதலாகும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வேகம் விமானத்துக்கு மட்டும் சொந்தமில்லை. மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்கிற காற்றாறு தள்ளிக்கொண்டு வந்தது.

இந்தக் காற்றுக்கும் டோக்கியோவுக்கும் பழைய உறவு உண்டு. டோக்கியோவுக்கு வடக்கே தாதெனோ என்ற இடத்தில் இருந்த வானாய்வு நிலையத்தில், 1920-களில் வசபுரோ ஓஇஷி என்பவர் பலூன் விட்டு விட்டு மேல்காற்றை அளந்தார். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மிக வேகமான மேற்குக் காற்று ஓடுகிறது என்று கண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-ல் அறிக்கையை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். விளைவு, உலகத்தில் கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. 1944 நவம்பரில் டோக்கியோ மேல் குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டிக் குறி தவறிய பிறகுதான் அமெரிக்கத் தரப்புக்கு அதன் வலு உறைத்தது.

நூறு வருடத்துக்கு முன்பு ஒரு மனிதர் பலூன் விட்டு அளந்த விஷயம் இது. இன்றைக்கும் 'பறக்கும் நேரம்' சொல்லும் பக்கத்தில் அதற்கு இடமில்லை. கிழக்கே போகும்போது ஒரு எண், மேற்கே வரும்போது ஒரு எண் என்று போடக்கூட மனமில்லை.

வானத்துக்கு உரிமையாளர்

ஆனால் என் நண்பரை ஏமாற்றியது காற்று இல்லை. காற்றால் ஒரு மணி கூடலாம், குறையலாம். மூன்று மணி கூடாது. அந்த மூன்று மணியின் கதையைப் பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1957-ல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ், கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோவுக்குத் துருவம் வழியாகச் சேவை தொடங்கியது. நடுவில் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்வார்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவே பெரிய சாதனை, ஏனென்றால் தெற்கே இந்தியா, தென்கிழக்கு ஆசியா வழியாகப் போனால் இன்னும் நீளம். இவ்வளவு சுற்று எதற்கு? நேர்வழி சோவியத் வானத்தில் கிடந்தது. அதைத் திறக்க ஆள் இல்லை.

1983 ஏப்ரலில் பின்லாந்தின் ஃபின்ஏர், ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு எங்கேயும் இறங்காமல் பறக்கத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு முதல் இடைநில்லாச் சேவை அது. டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தி, வட துருவத்தை ஒட்டிப் போய், பேரிங் நீரிணை வழியாக இறங்கினார்கள். சுமார் 13 மணி நேரம். அதே வருடம் செப்டம்பர் 1-ல், ஆங்கரேஜிலிருந்து சோல் போய்க்கொண்டிருந்த கொரிய விமானம் வழி தவறி சோவியத் வானத்துக்குள் நுழைந்து, சகலின் அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அந்த வானத்தில் பாதை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

சோவியத் யூனியன் போன பிறகு சைபீரிய வானம் தாராளமாகத் திறந்தது. சும்மா இல்லை, காசு வாங்கிக்கொண்டுதான். பறந்து கடக்கிற ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்குக் கட்டணம் கட்டின. 13 மணி ஒன்பதரை ஆனது.

2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. பிப்ரவரி 28-ல் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மார்ச்சில் ஃபின்ஏர் மறுபடி டோக்கியோவுக்குப் பறந்தபோது எடுத்த வழி 1983-ல் எடுத்த அதே வழி: நார்வே, ஸ்வால்பார்ட், துருவம், அலாஸ்கா. நேரமும் அதே 13 மணி. துருவத்தைத் தாண்டிய பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், 1983-ல் செய்த மாதிரியே.

இதையும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஹெல்சின்கியிலிருந்து துருவம் ஏறக்குறைய 3,300 கி.மீ. துருவத்திலிருந்து பேரிங் நீரிணை 2,700. அங்கிருந்து டோக்கியோ 4,700. மொத்தம் 10,700. கம்சாட்காவையும் குரில் தீவுகளையும் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதால் 11,000-த்தைத் தாண்டும். தெற்கே கருங்கடல், காஸ்பியன், கஜகஸ்தான், சீனா வழியாகச் சுற்றினாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். அன்றன்றைய காற்றைப் பார்த்து இரண்டில் ஒன்றை எடுக்கிறார்கள்.

அதாவது அதே இரண்டு ஊர், அதே பூமி. நாற்பது வருடத்தில் பயண நேரம் 13 மணி, ஒன்பதரை மணி, மறுபடி 13 மணி. இந்தக் காலத்தில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. மூன்று எஞ்சின் டிசி-10 போய் இரண்டு எஞ்சின் ஏ350 வந்துவிட்டது. நேரத்தைத் தீர்மானித்தது எஞ்சின் இல்லை, அனுமதிச் சீட்டு.

கொடி மாறினால் தூரம் மாறும்

இன்னொரு விசித்திரம் இருக்கிறது. ரஷ்ய வானம் எல்லாருக்கும் மூடவில்லை. சீன நிறுவனங்கள் இன்றும் அதன் வழியே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. ஆகவே பெய்ஜிங்–லண்டன் தூரம் எவ்வளவு என்று கேட்டால், "எந்த விமானத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் விமானம் தெற்கே சுற்றிப் போக வேண்டும், சீன விமானம் நேரே போகும். 2024 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெய்ஜிங் சேவையை நிறுத்திக்கொண்டது.

நமக்கும் இது புதிதில்லை. தில்லியிலிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு இந்திய விமானம் ரஷ்யா மேலே போகலாம், அமெரிக்க விமானம் போக முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வானத்தை மூடியதும், தில்லியிலிருந்து மேற்கே போன இந்திய விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது. அதே நாள், அதே ஊரிலிருந்து கிளம்பிய வேறு நாட்டு விமானத்துக்கு அந்தச் சுற்று இல்லை.

ஜப்பான் ஏர்லைன்ஸ் செய்வது இன்னும் வேடிக்கை. டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு அவர்கள் விமானம் கிழக்கே கிளம்பி, பசிபிக், அலாஸ்கா, கிரீன்லாந்து வழியாகப் போகிறது. திரும்பும்போது மத்திய ஆசியா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கி. இரண்டு முறையும் காற்று முதுகில். லண்டனில் சித்தியைப் பார்த்துவிட்டு டோக்கியோ திரும்பும் பயணி, தெரியாமலே உலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருப்பார்.

யாருக்கு நஷ்டம்

மூன்றரை மணிதானே, ஒரு படம் கூடுதலாகப் பார்த்தால் போச்சு என்று தோன்றலாம். விமான நிறுவனத்தின் பக்கம் நின்று பாருங்கள். போக ஒன்பதரை, வர பத்தேகால், இரண்டு முனையிலும் துடைத்து, ஏற்றி இறக்க ஒன்றரை மணி வீதம். மொத்தம் 23 மணிக்குள். ஒரே விமானம் இன்று மாலை கிளம்பி, நாளை மாலை அதே நேரத்துக்கு மறுபடி கிளம்பத் தயாராக நிற்கும். பதிமூன்று மணி ஆனால் 26 மணி பறத்தலே ஆகிவிடுகிறது. நாளைய மாலை விமானத்துக்கு இன்னொரு விமானம் வேண்டும், கூடுதல் விமானிகள் வேண்டும். ஏ350 மணிக்கு ஆறு டன்னை ஒட்டி எரிபொருள் குடிக்கும் என்று வைத்தால், ஒரு வழிக்கே கூடுதலாக 20 டன்.

ஹெல்சின்கிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற அந்த ஊர், "ஆசியாவுக்கு மிகக் குறுகிய வழி எங்கள் வழி" என்று சொல்லித்தான் தன் விமான நிலையத்தை வளர்த்தது. சுமார் நூறு கோடி யூரோ செலவில் விரிவாக்கம் செய்தது. ஃபின்ஏர் ஜப்பானில் மட்டும் ஐந்து நகரங்களுக்குப் பறந்துகொண்டிருந்தது. எல்லாம் அந்த 7,816-ஐ நம்பி. அந்த எண் இன்றும் மாறவில்லை. அதை நம்பிப் போட்ட தொழில் கணக்கு ஒரு வாரத்தில் குலைந்தது.

சரி, என்ன செய்திருக்கலாம்?

"இது உத்தேசக் கணக்கு" என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். உத்தேசம் என்றால் நிமிடம் எதற்கு? "பத்து மணி நேரம் போல" என்று சொன்னால் கேட்கிறவர் ஒரு மணி முன்பின் வைத்துக்கொள்வார். "10 மணி 12 நிமிடம்" என்று சொன்னால் யாரோ கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள் என்று நினைப்பார். நான் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் 12 நிமிடம்தான் என்னை ஏமாற்றியது.

பழைய ரயில்வே கால அட்டவணையை நினைத்துப் பாருங்கள். அட்டையிலேயே எந்த மாதத்திலிருந்து அமல் என்று போட்டிருக்கும். தப்பு இருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்றும் தெரியும். இந்தப் பக்கங்களில் தேதி இல்லை. எழுதியவர் இல்லை. 2019-லும் 10 மணி 12 நிமிடம், 2022-லும் 10 மணி 12 நிமிடம். கணக்கு போட்ட இயந்திரத்துக்கு நடுவில் ஒரு போர் வந்தது தெரியாது, தெரிவிக்க அங்கே ஆளும் கிடையாது.

செய்யக்கூடியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூரத்தை 'நேர்த் தூரம்' என்று சொல்லிப் போடலாம், பறக்கிற தூரம் வேறு என்று பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். நேரத்தைச் சூத்திரத்தில் தேடாமல், இப்போது நடக்கிற விமானங்களின் அட்டவணையிலிருந்து எடுத்து, போக ஒன்று, வர ஒன்று என்று, எந்த மாதக் கணக்கு என்பதோடு போடலாம். நேரடி விமானமே இல்லாத ஊர்களுக்குப் பறக்கும் நேரம் சொல்லாமலே விடலாம்.

அதுவரை நாமே செய்துகொள்ளக் கூடியது: டிக்கெட்டைப் பார்த்துக் கழிப்பது. அதிலும் ஒரு பொறி உண்டு. பின்லாந்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், ஜப்பானில் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே இரண்டு ஊருக்கும் வித்தியாசம் கோடையில் 6 மணி, குளிர்காலத்தில் 7 மணி. பயணத் தேதியின் வித்தியாசத்தைத்தான் எடுக்க வேண்டும். வருகிற விடையும் கேட்டிலிருந்து கேட் வரைக்கும்தான். ரன்வேக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி, நிறுவனம் தாமதத்துக்கு என்று முன்கூட்டியே சேர்த்து வைத்த நிமிடங்களும் சேர்த்தி.

போன மாதம் நண்பர் மறுபடி கேட்டார், இந்த முறை டோக்கியோவிலிருந்து திரும்பும் வழிக்கு. எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. டிக்கெட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கழித்துப் பார்த்து, "பதிமூன்று மணி. பதினாறுக்குப் பால் எடுத்துக்கோ" என்று எழுதினேன். குழந்தைக்கு இப்போது பால் பவுடர் வேண்டாமாம், பிஸ்கட் போதுமாம். சரி, பதினாறு மணிக்கு பிஸ்கட்.